தெருக்கூத்து எங்கே பிறந்தது?

வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு என்று முன்னர் வழங்கிய மாவட்டங்களில், பங்குனித் திங்கள் தொடங்கி ஆடித் திங்கள் வரையில், திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா நடைபெறும். விழா பத்து நாளாயினும் பதினெட்டு நாளாயினும் அதன் இரவுகள் கூத்துக்கு உரியவை. ஊர்ப் பொதுவிடத்தில், இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னால் நின்று, வேடக்காரன் தன் வரவைத் தானே பாடுவான். மத்தளமும் முகவீணையும் தாளமும் முழங்கத் திரை விலகும். தலையிலும் தோளிலும் மார்பிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்த மரக்கட்டை அணிகளோடு துரியோதனனோ கர்ணனோ சுழன்றாடி வெளிப்படுவான். கட்டியங்காரன் அவனை யாரென்று வினவி, அவையோரைச் சிரிக்க வைத்து, கதையைத் தொடங்கி வைப்பான். விடியும் வரையில் நடைபெறும் இவ்வாட்டத்தையே தெருக்கூத்து என்கிறோம்.

இக்கூத்து எங்கே, எப்பொழுது, யாரால் தோன்றியது? இவ்வினாவுக்கு வகுப்பறையிலும் மேடையிலும் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. சங்க காலத்துக் கூத்தே நாளடைவில் தேய்ந்து தெருக்கூத்தாயிற்று என்பது அவ்விடை. மற்றொரு சாரார், நாயக்கர் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த யட்சகானத்தின் தமிழ் வடிவமே இது என்பர். முன்னது நமக்குப் பெருமை தருகிறது. பின்னது சிலருக்குக் கசக்கிறது. ஆயினும் இனிப்பும் கசப்பும் உண்மையை அளக்கும் கோல் ஆகா. இரண்டு கூற்றுகளையும் சான்றுகளோடு வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

சொல்லின் பழமை

கூத்து என்னும் சொல் தமிழில் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. தொல்காப்பியர் ஆற்றுப்படைக்கு உரியவர்களைச் சொல்லுமிடத்தில் கூத்தரைப் பாணரோடும் பொருநரோடும் விறலியரோடும் சேர்த்துக் கூறுகிறார். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றே மற்றொரு பெயர் பெற்றுள்ளது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, அரங்கின் நீள அகலங்களையும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும் கூறுகிறது. கடலாடு காதை, கொடுகொட்டி முதலாகப் பதினோராடல்களை எடுத்துரைக்கிறது. அடியார்க்கு நல்லார் தம் உரையில் வேந்தர்க்குரிய வேத்தியலையும் பொதுமக்களுக்குரிய பொதுவியலையும் பிரித்துக் காட்டுகிறார். மறைந்துபோன நாடக நூல்கள் பலவற்றின் பெயர்களையும் நமக்குக் காத்துத் தந்திருக்கிறார்.

சோழர் காலத்திலும் கூத்துக்குக் குறைவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு நெல் வழங்க ஏற்பாடு செய்ததை, 11ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சாக்கைக் கூத்து ஆடுவோர்க்கு நிலம் விடப்பட்ட செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. சாக்கையன் என்னும் பெயரைச் சிலப்பதிகாரத்தில், செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தன்பால் காண்கிறோம். அப்பெயரையே கேரளத்தில் கூடியாட்டம் ஆடும் சாக்கியார் இன்றும் தாங்கி நிற்கின்றனர்.

இவையனைத்தும் மெய்யான சான்றுகளே. ஆனால் இவை எதற்குச் சான்று? தமிழ்நாட்டில் ஆடலும் நாடகமும் இடையறாது வளர்ந்தன என்பதற்குச் சான்று. இன்றைய தெருக்கூத்து அன்றே இருந்தது என்பதற்குச் சான்று ஆகா. கட்டியங்காரனும், கட்டை அணியும், தருப்பாட்டும், பாரதக் கதையை இரவுதோறும் தொடர்ந்து ஆடும் முறையும் இந்நூல்களில் ஓரிடத்தும் காணப்படவில்லை. மாதவியின் அரங்கு வேந்தன் அவையில் அமைந்தது. தெருக்கூத்தின் களம் ஊரார் கூடும் வெட்டவெளி. அங்கே ஆடியவள் ஒரு பெண். இங்கே பெண் வேடத்தையும் ஆடவரே புனைவது நெடுங்காலத்து மரபு.

சொல் ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்றாகிவிடாது. தேர் என்னும் சொல்லைக் காண்க. முல்லைக்குப் பாரி ஈந்ததாகச் சொல்லப்படும் தேரும், திருவாரூரில் வடம்பிடித்து இழுக்கும் ஆழித்தேரும் ஒரே பெயருடையன. அதனால் முன்னது தேய்ந்து பின்னது ஆயிற்று என்று எவரேனும் சொல்வரோ? பெயர் தொடர்ந்து வந்தது. பொருளைக் காலந்தோறும் கைவினைஞர் புதிதாகச் செய்தனர். கூத்தின் வரலாறும் இத்தகையதே. திரையின் மறைவிலிருந்து வெளிப்படும் வழக்கம் பழைய எழினியை நினைவூட்டலாம். பொதுவியல் என்னும் பழைய பிரிவு, ஊர்க்கூத்துக்கும் அக்காலத்தில் இடமிருந்ததைக் குறிக்கலாம். இவை வேர்கள். வேரைக் கண்டோம் என்பதற்காக மரம் முளைத்த ஆண்டையும் கண்டுவிட்டதாகக் கொள்ளல் ஆகாது.

பாரதமும் திரௌபதி வழிபாடும்

தெருக்கூத்தின் உள்ளீடு எது என்று பார்த்தால் வழி தெளிவாகிறது. இரணியன் கதையும் இராமாயணக் கதையும் பிறவும் ஆடப்படினும், அதன் நடுநாயகம் பாரதமே. ஆகவே தமிழ்நாட்டு ஊர்களில் பாரதம் எவ்வாறு வேரூன்றிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பவர்க்குப் பங்கு ஒதுக்குகிறது. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பாவை இயற்றினார். போருக்கு முன் அரவான் தன்னையே களப்பலியாகக் கொடுக்கும் செய்தி நமக்குக் கிடைக்கும் நூல்களுள் முதன்முதலாக அதில்தான் வருகிறது. வியாசர் பாரதத்தில் இராவான் எட்டாம் நாட் போரில் மாய்கிறான், பலியாகச் சாவதில்லை. ஆதலின், தமிழ்நாட்டார் பாரதத்தைக் கேட்டு வாளா இருக்கவில்லை. அதனைத் தம் நிலத்துக்கும் தம் நம்பிக்கைக்கும் ஏற்ப மாற்றிக் கொண்டனர் என்பது விளங்கும். கூவாகத்தில் கூத்தாண்டவராக வழிபடப்பெறுபவன் இவ்வரவானே.

இதன்பின் ஏறத்தாழ 1400ஐ ஒட்டித் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூரார், நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் பாரதம் பாடினார். அந்நூல் பத்துப் பருவங்களோடு, பதினெட்டாம் போர் முடிந்த அளவில் நிறைவுறுகிறது. திரௌபதி அம்மன் விழாவில் நிகழும் கதையும் பதினெட்டாம் போரோடு முடிகிறது. இவ்விரண்டின் முடிவும் ஒத்திருப்பது தற்செயல் அன்று. விழாவில் பகற்பொழுதில் பிரசங்கியார் அமர்ந்து வில்லியின் பாட்டைப் படித்துப் பொருள் விரிப்பார்; இரவில் அப்பகுதியையே கூத்தர் ஆடிக்காட்டுவர். திருமுனைப்பாடி நாடு கூத்து வழங்கும் நிலத்தின் ஒரு பகுதி என்பதையும் மறத்தல் ஆகாது. புலவர் பாட்டு, அவர் பிறந்த மண்ணிலேயே உழவரின் கூத்தாகப் பயிராயிற்று.

பிரசங்கமும் கூத்தும் மட்டும் சேர்ந்தால் விழா நிறைவு பெறாது. மூன்றாவதாக வழிபாட்டுச் சடங்கு உண்டு. வில்வளைப்பு அன்று அம்மனுக்குத் திருமணம் நிகழும். அருச்சுனன் தபசு அன்று, அருச்சுனனாக வேடம் புனைந்தவன் உயர்ந்த மரத்தின் மேல் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவான். கீழே மகப்பேறு வேண்டும் பெண்டிர் அமர்ந்து, அவன் எறியும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் மடியேந்தி நிற்பர். இறுதி நாட் காலையில், மண்ணால் வனைந்த துரியோதனன் உருவம் தரையில் நீண்டு கிடக்க, வீமனும் துரியோதனனும் அதனைச் சுற்றிப் போரிடுவர். அதற்குப் படுகளம் என்று பெயர். பகைவன் வீழ்ந்தபின் திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்பெறும். அன்று மாலை ஊரார் தீ மிதிப்பர். பின்னர்த் தருமர்க்கு முடிசூட்டு விழா நிகழும்.

இவற்றுள் எது நாடகம், எது வழிபாடு என்று கோடு கிழிக்க இயலாது. மரத்தின் மேல் ஏறுபவன் நடிகனா, நோன்பு நோற்பவனா? இரண்டும் அவனே. மடியேந்தும் பெண் காண்பவளா, வேண்டுபவளா? இரண்டும் அவளே. தெருக்கூத்தின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. படிப்பும் ஆட்டமும் நோன்பும் ஒன்றாய்ப் பின்னிய இடமே அதன் பிறப்பிடம்.

காலத்தைக் காட்டும் காவல் தெய்வங்கள்

இப்பின்னல் எக்காலத்தில் நிகழ்ந்தது? இதற்கு விடை கோயிலின் வாயிலிலேயே நிற்கிறது. திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் காவல் தெய்வங்கள் இருவர் உளர். ஒருவர் போத்துராசா, இப்பெயர் தெலுங்கு நாட்டு ஊர்த்தெய்வங்களிடையே பெருவழக்கு. மற்றவர் முத்தால் ராவுத்தர். இவர் ஓர் இசுலாமிய வீரர். ராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரரைக் குறிப்பது.

இவ்வழிபாட்டின் மூலத்தலமாக மரபு குறிப்பது செஞ்சியை அடுத்த மேலச்சேரியை. செஞ்சியின் வரலாற்றை நோக்கினால் இக்காவலர் இருவரும் வந்த வழி புலனாகும். விசயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர் அங்கே ஆண்டனர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீசப்பூர்ச் சுல்தானும், 1677இல் சிவாசியும், 1698இல் மொகலாயரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். தெலுங்கு வீரரும் இசுலாமியக் குதிரைப்படையும் மாறி மாறி நடமாடிய அந்நிலத்தில், அம்மனின் வாயிலைக் காக்க அவ்விருவரும் ஒருங்கே நின்றது இயல்பே. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இலும் 1991இலும் வெளிவந்த தம் இரு தொகுதிகளில், இச்செஞ்சி வட்டாரமே இவ்வழிபாட்டின் நடுவிடம் என விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஈண்டு ஒரு தடை எழுப்பலாம். காவல் தெய்வங்கள் பின்னாளில் சேர்க்கப்பட்டிருக்கலாம் அன்றோ, வழிபாடு அதற்கும் முந்தியதாக இருக்கலாம் அன்றோ என்பதே அது. தடை தக்கதே. ஆனால் இங்கே ஆராய்வது, கூத்து இன்றைய உருவத்தைப் பெற்ற காலம் எது என்பதை. அதற்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் கிடைக்கின்றன. வில்லியின் நூலுக்கு முன் இவ்விழா இவ்வமைப்பில் இருந்திருக்க இயலாது. 1782இல் வெளிவந்த பிரெஞ்சுப் பயணி சொன்னராவின் நூல், தருமராசனுக்கும் திரௌபதிக்கும் நிகழ்ந்த நெருப்புத் திருநாளை விவரிக்கிறது. ஆகவே 15ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இவ்விழா உருப்பெற்றது என்றும், அதனோடு ஒட்டி வளர்ந்த கூத்தும் அக்கால அளவிலேயே தன் வடிவைப் பெற்றது என்றும் கொள்வது பொருந்தும்.

யட்சகானத்தின் கடன்

இனி இரண்டாம் கூற்றைக் காண்போம். தெருக்கூத்தின் பாட்டுவகைகளுள் தரு, கந்தார்த்தம் என்பன சிறப்பிடம் பெறுகின்றன. தரு என்பது தெலுங்கு நாடகங்களிலும் உள்ள பெயர். கந்தார்த்தம் தெலுங்கில் வழங்கும் கந்த பத்தியத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. தஞ்சையில் இரகுநாத நாயக்கரும் அவர் மகன் விசயராகவ நாயக்கரும் ஆண்ட 17ஆம் நூற்றாண்டில், அரசவையில் தெலுங்கு யட்சகானங்கள் பெருகின. தஞ்சையை அடுத்த மெலட்டூரில் நரசிம்மர் விழாவை ஒட்டி நடைபெறும் பாகவத மேளா, இன்றும் தெலுங்கு மொழியிலேயே ஆடப்படுகிறது. இவற்றின் காற்றுத் தெருக்கூத்தின் மேல் வீசவில்லை என்று சாதிப்பது வீண் பிடிவாதம்.

ஆயினும் மெலட்டூரையும் செஞ்சி வட்டாரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முன்னதில் ஆடுவோர் அந்தணர். பின்னதில் ஆடுவோர் உழவரும் கைவினைஞரும் ஊர்ப்பூசை செய்வோரும். முன்னதன் தலைமைத் தெய்வம் நரசிம்மர். பின்னதன் தெய்வம் திரௌபதி. முன்னதன் மொழி தெலுங்கு. பின்னதன் மொழி, வில்லியின் விருத்தமும் ஊர்ப்பேச்சும் கலந்த தமிழ். பாட்டின் பெயர்கள் இரண்டு ஒத்திருப்பதனால் ஒன்று மற்றொன்றின் படியாகிவிடுமா? மேலும், அதே காலத்தில் தமிழிலேயே குறவஞ்சியும் பள்ளும் நொண்டி நாடகமும் தழைத்தன. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) இராம நாடகக் கீர்த்தனையைப் பாடினார். தமிழ் நாடகப் பாட்டு முழுவதும் புதுத் தளிர் விட்ட காலம் அது. விதைநெல்லில் ஒரு பகுதி கடனாக வந்திருக்கலாம். உழுத காலும் விளைந்த வயலும் தமிழ்நாட்டின.

ஈழத்துச் சான்று இதனை வலியுறுத்தும். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இருவகை நாட்டுக்கூத்து உண்டு. வடமோடியில் பாரதக் கதைகள் மிகுதி. அங்கும் கட்டியகாரன் உண்டு. தருவும் விருத்தமும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர், தம் அடியார் வரலாறுகளை இவ்வடிவிலேயே ஆடி வந்துள்ளனர். அங்கே திரௌபதியும் இல்லை, தீமிதியும் இல்லை. இதனால் தெளிவது யாது? நாடகப் பாட்டும் ஆட்டமும் அமைந்த வடிவு, அந்நூற்றாண்டுகளில் தமிழ் வழங்கும் நிலம் எங்கணும் பரவிய பொதுச்சொத்து. அப்பொதுச்சொத்தை எடுத்துத் திரௌபதி அம்மன் விழாவோடு பிணைத்தது வடதமிழ்நாட்டு ஊர்களின் தனிச்செயல். இவ்விரு இழைகளையும் பிரித்துணராமையே மேற்கூறிய இரு கூற்றுகளின் பொதுக்குறை.

கடல் கடந்த சான்று

ஏட்டிலும் கல்லிலும் இல்லாத ஒரு சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழ்த் தொழிலாளர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தின்பேரில் ஏற்றிச் செல்லப்பட்டனர். ரியூனியன் தீவில் அவர்தம் வழித்தோன்றல்கள் ஆடும் நாடகத்துக்குப் பிரெஞ்சில் தமிழாட்டம் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 1853இல் மார்த்தினிக்கிலும் 1854இல் குவாதலூப்பிலும் இந்தியத் தொழிலாளர் இறங்கினர். அங்கே கூத்தின் பெயர் நாட்ரோன், அதாவது நாடகம் என்பதன் திரிபு. 1860இல் தொழிலாளர் வந்திறங்கிய தென்னாப்பிரிக்க நேட்டாலில் ஆங்கிலம் பேசும் தமிழர் அதனை ஆறடி ஆட்டம் என்பர். பிசித் தீவிலும் கூத்து உண்டு.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இத்தீவுகளிலெல்லாம் கூத்து இருக்கக் காண்கிறோம். அங்கே அதனைக் கொண்டு சென்றவர் அரசவைப் புலவர் அல்லர். மடத்துத் தம்பிரான்களும் அல்லர். கரும்பு வெட்டச் சென்ற கூலிகள். மொழியே மங்கிப்போன தலைமுறையிலும் கூத்து மங்காமல் நின்ற இடங்கள் உண்டு. இதிலிருந்து இரண்டு முடிபுகள் பெறப்படும். 1850ஐ ஒட்டிக் கூத்து முழு வளர்ச்சி பெற்றுவிட்டது என்பது ஒன்று. அஃது அப்பொழுதே உழைக்கும் மக்களின் உடைமையாய், அவர் மனத்தில் மனப்பாடமாய் இருந்தது என்பது மற்றொன்று.

மலாயாவின் நிலை சற்று வேறு. மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் முதல் இரப்பர்த் தோட்டத்தை அமைத்த பின்னரே இவ்வட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்தொகையாக வந்தனர். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938 வரை நடைபெற்றது. வந்தோருள் ஆர்க்காட்டு மாவட்டத்தாரும் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டத்தாரும் இருந்தனர். பல ஊரார் ஒரே லயத்தில் கூடியதால், ஓர் ஊரின் விழாவை முழுமையாக நடத்துவது எளிதன்று. கூத்தோடு, சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) வழிவந்த இசைநாடகமும் பின்னர்த் திரைப்படமும் போட்டியிட்டன. ஆயினும் சிங்கப்பூர்ச் சவுத் பிரிட்சு சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி திரௌபதிக்கே உரிய விழாவாக, பாரத நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து, இன்றும் நடைபெறுகிறது. கிளேபாங் போன்ற கடலோரச் சிற்றூர்களிலிருந்தும் உள்நாட்டுத் தோட்டங்களிலிருந்தும் தீமிதி காணச் செல்வோர், தாம் காண்பது ஒரு பெரிய நாடகத்தின் இறுதிக் காட்சி என்பதை அறிந்து காண்பராயின் அதன் பொருள் முழுமையாக விளங்கும்.

பொய்ப்பெருமையால் வரும் கேடு

கூத்து ஈராயிரம் ஆண்டுப் பழமையது என்று சொல்லிவிடுவதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு உண்டு. சங்கக் கூத்துத் தேய்ந்து தெருக்கூத்தாயிற்று என்று கூறுமிடத்தில், தேய்த்தவர் யார் என்னும் வினா உடனே எழுகிறது. அதற்குரிய விடையாக இன்றைய கூத்தரே நிற்கின்றனர். மூதாதையர்க்கு மாலை சூட்டுவதாக எண்ணி, உயிரோடிருக்கும் கலைஞன்மேல் பழி சுமத்துகிறோம். தெருக்கூத்தாடி என்னும் சொல் வசைச்சொல்லாக வழங்கியதற்கும் இவ்வெண்ணத்துக்கும் உறவு உண்டு.

கற்றோரின் நோக்கும் இதற்குத் துணையாயிற்று. பரிதிமாற் கலைஞர் 1897இல் நாடகவியல் என்னும் அரிய நூலை வெளியிட்டார். வடமொழி இலக்கணத்தையும் ஆங்கில நாடகத்தையும் மனத்திற்கொண்டு எழுந்த நூல் அது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி, கற்றவர் நடிக்கும் நாடகத்துக்கு மதிப்புத் தேடினார். இவ்விரண்டும் போற்றத்தக்க பணிகள். ஆனால் அதே ஆண்டுகளில் ஆர்க்காட்டு ஊர்களில் இரவுதோறும் உயிரோடு நடந்த நாடகம், நாடகம் என்னும் கணக்கிலேயே சேரவில்லை. சுவடியில் மறைந்த நூல்களுக்காக ஏங்கிய புலமை, கண்முன் நின்ற கூத்தைக் காணாது போயிற்று.

கூத்தர் செய்த ஆக்கம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வில்லியின் விருத்தம் கற்றவர்க்கே எளிதில் விளங்கும். அதனைப் பாடி, உடனே அதன் பொருளை வசனத்தில் அவிழ்த்து, பின்னர்த் தருவில் உணர்ச்சியை ஏற்றி, எழுத்தறியாதவரும் விடியும் வரை விழித்திருந்து கேட்குமாறு செய்தனர். கல்வி பரப்பும் பணியில் இதற்கு நிகரானது அந்நூற்றாண்டுகளில் ஊர்ப்புறத்தில் வேறில்லை. கட்டியங்காரனோ அரசனின் ஏவலனாகவும், ஊராரின் வாயாகவும், கதைக்கு உரைகாரனாகவும் ஒருவனே நிற்கிறான். துரியோதனன் முன்னால் நின்றே அவனை எள்ளி நகையாடும் உரிமை அவனுக்கு உண்டு. இலேசான கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, தீவட்டி வெளிச்சத்திலும் தொலைவில் இருப்பவர்க்கு அரசத் தோற்றம் மின்னுமாறு அணி செய்த கைத்திறம் மற்றொன்று. இவை எச்சங்கள் அல்ல, புதுப் படைப்புகள். படைத்தவர் பெயரை நாம் அறியாமல் இருப்பது அவர்தம் குற்றம் அன்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலை மாறத் தொடங்கிற்று. செய்யாற்றை அடுத்த புரிசையின் நடேசத் தம்பிரான் ஆடிய கூத்து, நா. முத்துசாமியை நாடகத்தின்பால் ஈர்த்தது. அவர் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் குடும்பத்தார் கண்ணப்பத் தம்பிரான் வழியில் இன்றும் ஆடி வருகின்றனர். காஞ்சிபுரத்தில் பெ. இராசகோபாலும் அவருடன் கூத்தர் சிலரும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டனர். அச்சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கூத்துப் பயின்றனர்; ஆடவரே ஆடிய மரபில் அது பெருமாற்றம். குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

தெருக்கூத்து என்னும் பெயரையே அச்சங்கத்தார் ஏற்பதில்லை. தெரு என்னும் அடை கலையைத் தாழ்த்துகிறது என்பதும், கட்டை அணிந்து ஆடுவதால் கட்டைக்கூத்து என்பதே தக்க பெயர் என்பதும் அவர்தம் கொள்கை. புரிசையார் தெருக்கூத்து என்னும் பெயரையே பெருமையோடு தாங்குகின்றனர். இவ்வழக்கில் பெயருக்கு உரியவர் ஆடுவோரே. அவரவர் கொண்ட பெயரால் அவரவரைச் சுட்டுவது முறை. நாம் திருத்த வேண்டியது பெயரை அன்று, தெரு என்றவுடன் தாழ்வு எனக் கருதும் நம் மனத்தை. தேரும் தெருவில்தான் வருகிறது.

ஆசிரியர்க்கு உரிய பணி

முத்தமிழைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர், நாடகத்தமிழ் என்ற பகுதிக்கு வந்தவுடன் சிலப்பதிகாரத்தைச் சொல்லி, அடுத்த வரியில் தெருக்கூத்துக்குத் தாவுவது வழக்கமாகிவிட்டது. இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. அவ்விடைவெளியை நிரப்பும் கூரம் செப்பேடும், பெருந்தேவனாரும், தஞ்சைச் சாந்திக்கூத்தனும், வில்லியும், செஞ்சியும், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவரும் பாடத்தில் இடம்பெறுதல் வேண்டும். கூத்து என்னும் சொல் பழையது, தெருக்கூத்து என்னும் வடிவு சில நூற்றாண்டுகளுக்கு முன் நம் உழவரும் கைவினைஞரும் படைத்தது என்று பிரித்துச் சொன்னால், மாணவர் இரண்டின் அருமையையும் உணர்வர்.

மற்றொரு பணி காலங்கடந்தால் செய்ய இயலாதது. மலாக்கா வட்டாரத்துத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் பட்டணங்களில் சிதறியிருக்கின்றனர். தோட்டத் திருவிழா இரவுகளில் கேட்ட கூத்துப்பாட்டில் ஒரு விருத்தமேனும் ஒரு தருவேனும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் இருத்தல் கூடும். அவர்களிடம் மாணவரை அனுப்பி, பாட்டையும், எந்த ஊரிலிருந்து குடும்பம் வந்தது என்பதையும், எந்த வேடத்தை யார் புனைந்தார் என்பதையும் எழுதி வாங்குதல் வேண்டும். ரியூனியன் கூத்தையும் குவாதலூப்புக் கூத்தையும் அயல்நாட்டார் வந்து ஆராய்ந்து எழுதினர். மலாயாத் தோட்டங்களில் ஒலித்த கூத்துக்கு அத்தகைய ஏடு எழுத வேண்டியவர், அத்தோட்டப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவரும் கற்றவருமே.